நேர்ந்த பெயர் நிற்க வேண்டும்

என் பெயருக்குப் பனி என்று அர்த்தம். பிறந்தது தூத்துக்குடியில். மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கம்பெனியைத் தவிர வேறெங்கும் பனிக்கட்டியைக் கண்டிராத ஒரு குடும்பம், உப்பளத்து வெக்கையில் விசிறிக்கொண்டே, பிறந்த பெண்ணுக்குத் தஸ்நேவிஸ் என்று பெயர் வைத்தது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஆட்களுக்குச் சிரிக்க வேண்டிய இடம் எப்போதும் தெரியாது.

பெயர் எங்கள் பெயரே இல்லை. முத்துக்காக வந்த போர்த்துக்கீசியர், எங்கள் முன்னோரைக் கூட்டமாக நிறுத்தி ஞானஸ்நானம் கொடுத்தபோது கூடவே கொடுத்துவிட்டுப் போனது. ரோமாபுரியில் ஏதோ ஒரு கோடையில் ஒரு குன்றின் மேல் மட்டும் பனி கொட்டியதாம். அதனால் மாதாவுக்குப் பனிமய மாதா என்று பெயராம். அந்தப் பனி அவர்கள் பாஷையில் ஏறி, கப்பலில் ஏறி, இங்கே வந்து இறங்கி, ஆகஸ்டு மாதப் புழுதிக் காற்றில் தேர் இழுக்கிற எங்கள் பெண்களின் தலையில் உட்கார்ந்துவிட்டது. பெண்ணுக்கு மட்டுமல்ல, கூச்சமில்லாமல் ஆணுக்கும் வைப்பார்கள்.

எங்கள் நாலு தெருவில் கல்லை எறிந்தால் அது ஒரு தஸ்நேவிஸ் மேல்தான் விழும். மேற்கே வல்லநாடு தாண்டினால் அந்தப் பெயரில் ஆள் கிடையாது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் நான் வேலை பார்க்கிறேன். சென்னையிலிருந்து வந்த மேனேஜர் முதல் நாள் என் பெயரைக் கேட்டுவிட்டு, "இருமல் மருந்து பேர் மாதிரி இருக்கே மேடம்" என்றார். அவர் பெயர் ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிற பெயர். அதைச் சொல்லிக்கொள்ள வெட்கப்படாதவர் என் பெயரைப் பற்றிப் பேசுகிறார்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், என் தம்பி மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்ததும், அதற்குப் பெயர் வைக்கிறேன் என்று எங்கள் குடும்பம் ஆடிய ஆட்டமும்தான்.

தம்பி கப்பலில் வேலை பார்க்கிறான். குழந்தை பிறந்தபோது எங்கோ நடுக்கடலில் இருந்தான். தம்பி மனைவி மில்லர்புரத்தில் எங்கள் அண்ணன் வீட்டில் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். நான் ஆபீஸ் விட்டதும் அங்கே போவேன். எப்போது போனாலும் ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் போன். குழந்தைகளுக்குப் பெயர் சொல்லும் இணையதளங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பெயரைத் தட்டினால் அர்த்தம் என்ன, எந்த நாட்டுப் பெயர், எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று வரிசையாக வரும். எனக்கு என் ஆபீஸ் ஞாபகம்தான் வந்தது. இறக்குமதிச் சரக்குக்கும் இதைத்தான் கேட்பார்கள்: என்ன பொருள், எந்த நாடு, எத்தனை உருப்படி.

அந்த இணையதளங்களைப் போலப் பொய் சொல்ல ஊரில் எந்தத் தரகனாலும் முடியாது. எந்தப் பெயரைத் தட்டினாலும் 'இளவரசி', 'ஒளி', 'தேவதையின் பரிசு' என்று ஏதோ ஒன்று. கெட்ட அர்த்தமுள்ள பெயரே உலகத்தில் கிடையாது. பாதிப் பெயர்களுக்கு முத்து என்று பொருள் போட்டிருந்தது. எங்கள் கடலில் முத்துக்குளிப்பு நின்று எவ்வளவோ காலமாயிற்று. லாட்ஜுக்கும் ஜவுளிக்கடைக்கும் வைத்தது போக மிச்சமிருந்த முத்தை இவர்கள் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள் போல.

அவள் ஒருநாள் என் பெயரைத் தட்டிப் பார்த்தாள். அப்படி ஒரு பெயர் இல்லை என்று வந்தது. நீங்கள் தேடியது இதுவா என்று கேட்டு வேறு நாலு பெயரைக் காட்டியது. அரை நூற்றாண்டுக்கு மேலாக நடமாடிக்கொண்டிருக்கும் ஒரு பொம்பளையைப் பார்த்து இல்லை என்று சொல்ல எவ்வளவு தைரியம்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதற்குள் திருவிழாவே தொடங்கியிருந்தது. துபாயிலிருந்து ஒரு சித்தப்பா 'இனி', 'இனி' என்று முடிகிற பெயர்களாக அனுப்பினார். அவற்றை வரிசையாகப் படித்தால் ஏதோ மருந்துக்கடை அலமாரியைப் படிப்பது போல இருந்தது. ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்குகிற ஒரு பெரியம்மா மகள், பிறந்த தேதியைக் கூட்டிப் பார்த்து 'ஐந்தில் வரணும்' என்று போட்டாள். மாதாவையும் கும்பிடுவாள், கூட்டுத்தொகையையும் கும்பிடுவாள். எது முதலில் பலிக்கிறதோ அதற்கு மெழுகுவர்த்தி. பிள்ளையைப் பெற்றவளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

அண்ணன் இது எதிலும் கலந்துகொள்ளவில்லை. கடைசியில் ஒரே ஒரு வரி எழுதினான்: 'பெயர் தஸ்நேவிஸ். ஏற்கெனவே முடிவானது.' அதற்குப் பதினெட்டுப் பட்டி உறவும் கைகூப்பிய பொம்மை போட்டது.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது கோயிலின் பங்குப் பேரவையில் இருக்கிறான். கோயிலில் மைக் வைப்பது முதல் சப்பரத்துக்குப் பூ வாங்குவது வரை அவன் சொன்னால்தான் நடக்கும். கிரேனுக்குக் கீழே நின்று கத்திய குரலிலேயே ஜெபமாலையும் சொல்லுவான். மூத்தவனுக்கு 'அவர்' போட வேண்டும் என்பார்கள். அந்த அளவுக்கு அவன் நடந்துகொண்டதில்லை.

'ஏற்கெனவே முடிவானது' என்று அவன் எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் தம்பி மனைவிக்கு முதல் பிரசவம். ஏழு மாதத்திலேயே வலி வந்துவிட்டது. அப்போதும் தம்பி கப்பலில்தான் இருந்தான். பிள்ளை தங்க வேண்டும் என்று அண்ணன் மாதாவுக்கு நேர்ந்துகொண்டான்: பெண்ணாகப் பிறந்தால் உன் பெயரை வைக்கிறேன். பெண்ணாகத்தான் பிறந்தது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. பிழைக்காது என்று டாக்டர் சொன்னதும், கோயிலிலிருந்து பங்குச் சாமி வருகிற வரைக்கும் தாங்காது என்று அண்ணனே தண்ணீர் பாட்டிலைத் திறந்து, நெற்றியில் ஊற்றி, தஸ்நேவிஸ் என்று ஞானஸ்நானம் கொடுத்தான். அவசரத்துக்கு யாரும் கொடுக்கலாம், சட்டம் உண்டு. மறுநாள் விடியும்போது குழந்தை போய்விட்டது.

அதுவரைக்கும் நான் அவனைக் குறை சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவன் போகிற வீட்டிலெல்லாம் சொன்னான். தண்ணீர் ஊற்றியதை, தன் கை நடுங்காததை, டாக்டர் பார்த்து அசந்துபோனதை. செத்தது யார் பிள்ளை என்பதே கேட்பவர்களுக்கு மறந்துபோகிற மாதிரிச் சொன்னான்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. நேர்ந்து வைத்த பெயர் நிற்க வேண்டும். பிள்ளை போய்விட்டால் நேர்ச்சை நிறைவேறவில்லை என்று அர்த்தம். அடுத்துப் பிறக்கிற பெண்ணுக்கு அதே பெயரை மறுபடி வைப்பார்கள். அதுவும் போனால் அதற்கடுத்ததுக்கு. "பேரு நிக்கணும்" என்பார்கள். மாதா வந்து வாசலில் நின்று பெயரைக் கேட்டாளா என்று நான் கேட்டால், எனக்கு விசுவாசம் போதாது என்பார்கள்.

இந்த வழக்கத்தைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியான ஆள் யாரும் இல்லை. நான்தான் அந்த அடுத்தது. எனக்கு முன்னால் ஒரு அக்கா. ஒன்றரை வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அடுத்த வருடம் நான் பிறந்தேன். அவள் சட்டைகளை எனக்குப் போட்டார்கள், அவள் தொட்டிலில் என்னைப் போட்டார்கள், அவள் பெயரையும் எனக்கே போட்டார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் தெற்குச் சுவரோரம் ஒரு சின்னச் சிலுவை. அதில் என் பெயர் இருக்கிறது. கல்லறைத் திருநாளுக்கு வருடாவருடம் என்னைக் கூட்டிப்போய் அதன் முன்னால் நிறுத்தி, கையில் மெழுகுவர்த்தியைக் கொடுப்பார்கள். என்னோடு படித்த ஒருத்தி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "ஏளா, நீ செத்துட்டியாளா?" என்று கேட்டாள். அவளை அடித்துவிட்டேன். வீட்டில் எனக்கு விழுந்தது. கேள்விக்குப் பதிலை மட்டும் யாரும் சொல்லவில்லை.

அம்மா அடுப்படியிலிருந்து "நேவிசு" என்று கூப்பிடுவாள். நான் ஓடிப்போய் நிற்பேன். சில நாள் என்னைப் பார்த்ததும் ஒரு நொடி அப்படியே நின்றுவிடுவாள், வேறு யாரோ வர வேண்டிய இடத்தில் நான் வந்துவிட்டது போல. பிறகு "ஒண்ணுமில்ல, போ" என்பாள். அம்மாவை நான் கோபித்துக்கொண்டதில்லை. அவளுக்கு இந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்தவர்கள் மேல்தான் என் கோபம். இன்றைக்கும் ஆறவில்லை.

மூன்றாம் மாதம் ஞானஸ்நானம் என்று அண்ணன் நாள் குறித்தான். என்னை ஞானத்தாயாகத் தேர்ந்தெடுத்தான். நான் மகிழ்ந்துபோவேன் என்று நினைத்தான்.

"ஒன் பேருதான புள்ளைக்கு. நீயே தூக்கு. பொருத்தமா இருக்கும்லா" என்றான்.

"அவகிட்ட கேட்டியா அண்ணே?"

"அவ என்ன சொல்லப் போறா? சின்னப் புள்ள. தம்பிட்ட சொல்லியாச்சு."

தம்பியின் பதிலை நான் பார்த்தேன். அண்ணன் அனுப்பிய செய்திக்குக் கட்டைவிரல். மனைவி அழுது அனுப்பிய குரல்செய்திக்கு ஒரு சிவப்பு இதயம். புயலில் கப்பலை ஓட்டுகிறவன் என்று ஊரில் பேர். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லத் துணிவில்லாதவனை நம்பி யார் சரக்கு ஏற்றுகிறார்களோ.

அண்ணன் ஏற்பாடுகளில் இறங்கினான். அவனிடம் எதையும் சின்னதாகச் செய்யும் வழக்கம் கிடையாது. வாசலுக்கு ஃப்ளெக்ஸ். அதில் குழந்தை படம் சின்னதாக, அவன் கைகூப்பி நிற்கிற படம் பெரிதாக. கேக்கில் பெயர். வருகிறவர்களுக்குக் கொடுக்க மக்ரூன் டப்பாக்கள், ஒவ்வொன்றின் மூடியிலும் 'தஸ்நேவிஸ்' என்று தங்க எழுத்தில் ஒட்டிய ஸ்டிக்கர். டப்பாக்கள் கூடத்தில் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் அவள் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் உட்கார வேண்டும். இதை யோசிக்கிற மூளை அந்த வீட்டில் ஒருவருக்கும் இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் போயிருந்தேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, டப்பாக்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். போன் கையில் இல்லை.

"மைனி, அந்தப் பேருக்கு ஒண்ணப் புதைச்சிட்டு வந்திருக்கேன்" என்றாள். "இப்ப இவளத் தொட்டில்ல போட்டு அதே பேரச் சொல்லி ஆட்டுன்னு சொல்லுதாவ. எனக்கு வாய் வரமாட்டேங்கு. நான் கூப்பிட்டா எது திரும்பிப் பாக்கும்?"

அவள் அத்தனை நாளும் யாரும் வைக்காத பெயராகத் தேடிக்கொண்டிருந்ததை அந்த வீட்டில் நாகரிகம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். புதுசா வேணுமாம், ஸ்டைலா வேணுமாம் என்று. எந்தக் கல்லறையிலும் இல்லாத ஒரு பெயர் அவளுக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"என்ன பேரு பாத்து வச்சிருக்க?" என்று கேட்டேன்.

தயங்கினாள். "போன்ல உள்ளது ஒண்ணும் பிடிக்கல மைனி. கொண்டல்னு வைக்கலாம்னு இருக்கேன். எங்க அப்பா சொல்லுவாவ, கொண்டல் அடிச்சா கரை குளுந்துரும்னு. இவ பொறந்த அன்னைக்கும் கொண்டல்தான் அடிச்சிது. ஆஸ்பத்திரி சன்னல் வழியா வந்துக்கிட்டே இருந்திச்சி."

கொண்டல் என்பது கிழக்கே கடலிலிருந்து வருகிற காற்று. மீன்பிடிக்கப் போகிறவர்கள் வாயில் தினமும் புழங்குகிற சொல். அவள் அப்பா வள்ளத்தில் போகிறவர். எங்கள் அண்ணனுக்கு அதில் ஏற்கெனவே ஒரு இளக்காரம் உண்டு. பெரிய அழகான பெயர் என்று நான் பொய் சொல்லமாட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்யத்தான் செய்யும். ஆனால் அந்தப் பெயரில் அதுவரை ஒருத்தியும் பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை.

"சரி" என்றேன்.

எங்கள் பங்கில் ஞானஸ்நானத்தின்போது பிள்ளையைத் தூக்கி நிற்கிற ஞானத்தாய்தான் பெயரைச் சொல்லுவாள். பங்கு ஆபீசில் அண்ணன் முன்னமே பெயரைக் கொடுத்துவிட்டான். ஆனாலும் சாமி கேட்டாக வேண்டும், ஞானத்தாய் சொல்லியாக வேண்டும். அங்கே வாய்விட்டுச் சொன்னதுதான் பெயர். கோயில் காரியமெல்லாம் கரைத்துக் குடித்த அண்ணன், எல்லாவற்றையும் தன் கையில் வைத்துக்கொண்டு, அந்த ஒரு இடத்தை மட்டும் என் வாயில் விட்டுவைத்திருந்தான். என் பெயர்ப் பெருமை என்னை வேறு பெயர் சொல்ல விடாது என்று நம்பியிருந்தான்.

ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றோம். வந்தவர்கள் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தம்பி வீடியோ காலில் இருந்தான். படம் நின்று நின்று வந்தது. சாமி புதிதாக வந்தவர், வயது குறைவு.

"இந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"கொண்டல்" என்றேன்.

சாமி கையிலிருந்த சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நேவிசு" என்று அண்ணன் பின்னாலிருந்து அடக்கிய குரலில் சொன்னான். என்னைக் கூப்பிட்டானா, பெயரைத் திருத்தினானா தெரியவில்லை. நான் திரும்பவில்லை.

"இந்தப் பேரில் புனிதர் யாரும் இல்லையே அம்மா" என்றார் சாமி மெதுவாக.

"இவதான் ஆரம்பிக்கணும் சாமி."

சாமி தாயின் முகத்தைப் பார்த்தார். அவள் தலையை அசைத்தாள். கண்ணில் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, ஆனால் தலையை நன்றாகவே அசைத்தாள். சாமிக்கு அது போதுமாக இருந்தது. தண்ணீரை ஊற்றி, கொண்டல் என்று சொன்னார். குழந்தை வீல் என்று அழுதது. நல்ல குரல்.

கோயிலுக்கு வெளியே உறவுக்கூட்டம் என்னைச் சுற்றி நின்று ஆளுக்கு ஒன்று சொன்னது. மாதாவுக்குக் கொடுத்த வாக்கை மீறலாமா, குழந்தைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு, காற்றுக்கு வைக்கிற பேரையா பிள்ளைக்கு வைப்பது. இதே வாய்கள் இன்னும் கொஞ்ச நேரத்தில் கோயில் மண்டபத்தில் பிரியாணிக்கு வரிசையில் நிற்கும் என்று எனக்குத் தெரியும். நின்றன.

அண்ணன் சாப்பிட வரவில்லை. மண்டபத்துக்குப் பின்னால் தேடிப் போனேன். நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் போனேன். மக்ரூன் டப்பாக்களை முன்னால் குவித்து வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, மூடியிலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தான். ஒழுங்காக வராமல் பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதையும் பாக்க வந்தியா?" என்றான், என்னை நிமிர்ந்து பார்க்காமல். "எல்லார் முன்னாலயும் என்ன நாறடிச்சிட்டு."

"அவளுக்குப் புள்ள செத்திருக்கு அண்ணே. ஒனக்குப் பேரு போச்சேன்னு இருக்கு."

அவன் உரிப்பதை நிறுத்தவில்லை. கிரேனுக்குக் கீழே கத்துகிற குரல் இல்லாத ஒரு குரலில் சொன்னான்.

"பேரு நின்னா ஆளு போகலன்னு அர்த்தம்லா. அப்படித்தான சொன்னாவ. ஒன் அக்கா போனப்ப என்ன அழவே விடல. அடுத்த வருசம் ஒன்னத் தூக்கிட்டு வந்து, இந்தா, நேவிசு திரும்பி வந்துட்டான்னாவ."

எங்கள் வீட்டில் அக்காவை உயிரோடு பார்த்தவர்களில் மிச்சமிருப்பது அவன் ஒருவன்தான். அவள் போனபோது அவனுக்கு ஆறு வயது. இத்தனை வருடத்தில் அவளைப் பற்றி நான் அவனிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. அவள் என்ன சாப்பிடுவாள், எதற்கு அழுவாள் என்று வீட்டில் யாரும் சொன்னதும் இல்லை. அவளைப் பற்றிப் பேச வேண்டிய பெயரைத்தான் எனக்குக் கொடுத்துவிட்டார்களே.

"அத நம்பினியா அண்ணே?" என்று கேட்டேன்.

கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தான்.

"அவளுக்கு இடது காதுக்குப் பின்னால ஒரு மச்சம் உண்டு. நீ தொட்டில்ல தூங்கும்போது ஒன் தலையத் திருப்பித் தேடிப் பாத்தேன். இல்ல. நான் யார்ட்டயும் சொல்லல."